கொடம் கீதுன்னா ஆளு கீது: ஒரு சமூகத்துக்குப் பண்பாடு இருக்கிறது என்றால் என்ன?

என் அம்மா செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி தண்டையார்பேட்டைக்கு வந்தவர். வந்த முதல் வாரத்தில் தண்ணீர் பிடிக்கத் தெருமுனைக்குப் போயிருக்கிறார். லாரி வர இன்னும் நேரம் இருந்தது. அங்கே ஆளே இல்லை. சுவர் ஓரமாக இருபது குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு செங்கல், ஒரு விரிசல் விட்ட பக்கெட். ஆள்தான் இல்லையே என்று முன்னால் இருந்த குடத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்திருக்கிறார் அம்மா. எதிர்த் திண்ணையிலிருந்து ஓர் ஆயாவின் குரல் வந்ததாம்: "இன்னாமா நீ, கொடத்த நவுத்துற? கொடம் கீதுன்னா ஆளு கீதுன்னு அர்த்தம்."

பல வருஷம் கழித்து, எனக்கு எட்டு வயது இருக்கும்போது, அதே முனையில் அதே தப்பைச் செய்த ஒரு புதுப்பெண்ணிடம் அதே வார்த்தைகளை என் அம்மாவே சொன்னதைக் கேட்டேன். அதற்குள் அவர் பேச்சிலும் 'கீது' வந்து உட்கார்ந்திருந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'எங்கள் ஊர்ப் பண்பாடு' என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். ஒரு பெண் தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், பரதநாட்டியம் என்று அழகாக எழுதிக் கொண்டுவந்தாள். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். "உங்க ஊரைப் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா" என்றேன். "நம்ம ஏரியாவுல கல்ச்சர்லாம் இன்னா மிஸ் இருக்கு?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வட சென்னை என்றாலே அரிவாளும் ரவுடியும்தான் என்று திரையிலும் செய்தியிலும் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன நினைக்கும்? எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவளுக்கும் அவளைப் போல நினைக்கிற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

சரி, குடத்திலிருந்தே தொடங்கலாம். பிளாஸ்டிக் குடம் வெறும் குடம்தான். அது ஒரு மனுஷிக்குப் பதிலாக வரிசையில் நிற்கும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. போர்டு கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. ஆனாலும் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்கூட அந்தக் குடத்தைத் தாண்டி முன்னால் போக மாட்டார். குடம் ஆளாக மாறுவது குடத்துக்குள் நடக்கும் காரியம் இல்லை. தெருவில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து அதை ஆளாக மதிப்பதால் நடப்பது. ஒருவர் மட்டும் மதித்தால் போதாது. எல்லோரும் மதிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடத்தை வைத்துவிட்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்ட நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியும்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே அருமையான ஒரு ஜோடிச் சொல் இருக்கிறது: பழக்க வழக்கம். ஒரே பொருள்தான் என்று நினைத்துச் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். பழக்கம் என்பது என்னுடையது. காலையில் டீ குடிக்காமல் நான் யாரிடமும் பேச மாட்டேன். நாளைக்கு அதை விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வழக்கம் என்பது எங்களுடையது. நான் அதை மீறினால் திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். ஒரு கூட்டத்துக்குப் பண்பாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் குரலைத்தான். தப்பு நடந்தால் திருத்த ஆள் இருக்கிறதா? திருத்தப்பட்டவர் பிறகு இன்னொருவரைத் திருத்துகிறாரா? என் அம்மாவிடம் நடந்தது இதுதான்.

1871இல் எட்வர்ட் டைலர் என்ற இங்கிலாந்து மானுடவியலாளர் பண்பாட்டுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று ஒருவர் சமூகத்தில் ஓர் ஆளாக இருப்பதால் அடைகிற எல்லாம் சேர்ந்த முழுமை என்றார். இன்றும் மானுடவியல் வகுப்புகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதில் 'அடைகிற' என்ற சொல்தான் முக்கியம். ரத்தத்தில் வருவதைப் பண்பாடு என்று அவர் சொல்லவில்லை. கூட இருந்து கற்றுக்கொள்வதைச் சொன்னார். செய்யாற்றுப் பெண் தண்டையார்பேட்டைக்காரி ஆனது அப்படித்தான்.

அவருக்கு வெகு காலம் முன்பே நம் கலித்தொகை 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகல்' என்று சொல்லிவிட்டது. உலகத்து முறை அறிந்து நடப்பதுதான் பண்பு. அதில் ஆடலும் இல்லை பாடலும் இல்லை, முறையறிதல் மட்டும்தான். 'பாடு' என்ற சொல் எங்கள் கடலோரத்தில் இன்னும் புழங்குகிறது. வடக்கே பழவேற்காடு ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை பிரித்துக்கொள்கிற ஏற்பாட்டுக்குப் பாடு என்றுதான் பெயர். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதற்காகச் சீட்டுப் போட்டுச் சுற்றி வருகிறார்கள். அங்கே வலை, இங்கே குடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிடப் பெரிதாக, ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து முறையறிந்து நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் சாவு வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் அரை மணி நேரத்துக்குள் நடப்பவற்றை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. ஒரு பையன் ஷாமியானாக்காரருக்குப் போன் போடுவான், இன்னொருவன் ஐஸ் பெட்டிக்கு. நாலு பேர் வண்டிகளை எல்லாம் தெருவிலிருந்து அப்புறப்படுத்துவார்கள். அக்கம்பக்கத்து டிவிகள் ஒவ்வொன்றாக வாயை மூடும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் பக்கத்து வீட்டு அடுப்புகள் எரியும். பெரிய தூக்கில் டீ வரும். போன வாரம்தான் இந்த வீட்டோடு சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அக்காதான் முதல் ஆளாக வந்து, இறந்தவரின் மனைவியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சண்டை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. காரியம் முடிந்ததும் திரும்ப ஆரம்பிக்கலாம். ஆனால் சாவுக்கு வராமல் இருக்க முடியாது.

ராத்திரிக்குக் கானா. வட சென்னையின் உழைக்கும் ஜனங்களிடம் வளர்ந்த பாட்டு இது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவதை மரண கானா என்பார்கள். டோலக், தபேலா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மேசையைத் தட்டியே தாளம் பிடிப்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ஐஸ் பார் சுமக்கும் வேலை பார்த்த ஒரு பெரியவர் இறந்தபோது பாட வந்தவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வந்ததும் பாடத் தொடங்கவில்லை. பெரியவரின் மகளிடம் போய்க் குனிந்து மெதுவாக விசாரித்தார். பேரப்பிள்ளைகள் பேர் என்ன, அவருக்குப் பிடித்த சாப்பாடு என்ன, கடைசியாக என்ன பேசினார் என்று. பிறகு பாட்டில் எல்லாம் வந்தது. பேரன் பேர் வந்தது, சங்கரா மீன் குழம்பு வந்தது, ஐஸ் சுமந்து சுமந்து மரத்துப்போன தோள் வந்தது. அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த மூத்த மகன் அந்தத் தோள் வந்த இடத்தில்தான் வாய்விட்டு அழுதார். பெண்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. "அழட்டும், வுடுங்க" என்றார் ஒருவர்.

கானா இன்று மேடைக்கு வந்துவிட்டது, சினிமாவுக்கும் போய்விட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவை ராப்போடும் ராக்கோடும் சேர்த்துப் பாடியபோது பெருங்கூட்டம் கூடியது. அந்த மரியாதை கானாவுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். ஆனால் என் மாணவி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மேடை ஏறியதால் கானா பண்பாடு ஆகவில்லை. அதற்கு ஒரு வேலை இருந்தது: அழ முடியாதவரை அழ வைப்பது, விடியும்வரை பிணத்தைத் தனியாக விடாமல் இருப்பது. அந்த வேலை என்னவென்று பாடுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அதனால்தான் அது எங்களுடையது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். அப்படியானால் வட சென்னையின் பெருமை என்று சொல்கிற மற்றவையெல்லாம்? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிடமிருந்து வந்தது. இயேசுவின் சீடர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். அதே ராயபுரத்தில் 1910இல் கட்டிய பார்சிகளின் நெருப்புக் கோயில் இருக்கிறது. ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்தது. இவையெல்லாம் வரலாறு. தெரிந்துகொள்ள வேண்டியவை, காப்பாற்ற வேண்டியவை. ஆனால் வரலாறும் பண்பாடும் ஒன்றல்ல. ரயில் நிலையத்தை நாளைக்கே பூட்டினாலும் 1856 எங்கேயும் போகாது. குட வரிசையை நாளைக்கு ஒருவரும் மதிக்கவில்லை என்றால், நாளைக்கே அது இல்லை. பண்பாட்டைச் சேர்த்து வைக்க முடியாது, தினமும் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

சில சமயம் வரலாறு பண்பாடாக மாறுவதும் உண்டு. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று அது. ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் இன்றும் இந்தப் பக்கத்தில் நாலு ஆட்டோ ஒரு இடத்தில் நின்றால் அங்கே சங்கப் பலகை ஒன்று முளைத்துவிடும். மே தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள். மிட்டாய் வாங்கும் பிள்ளைக்கு 1918 தெரியாது. 'ஒரு பிரச்சனைன்னா தனியா போகக் கூடாது, சேர்ந்து போவணும்' என்பது மட்டும் தெரியும். பரவாயில்லை, அதுதான் வந்து சேர வேண்டியது.

பண்பாடு வந்து சேரும் வழிக்கு இங்கே ஒரு அழகான பெயரும் இருக்கிறது. வட சென்னைக் குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்தன. பரம்பரை என்றால் அப்பா, மகன் என்று பிறப்பால் வருவது என்றுதானே நினைப்போம்? இங்கே ஒரு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தப் பரம்பரை. கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாலே உறவு வந்துவிடுகிறது.

அப்படியானால் பண்பாடு பழையதாக, கலப்பில்லாததாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பர்மா பஜார் பக்கம் சாயங்காலம் போனால் அத்தோ வண்டிகள் நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், வறுத்த வெங்காயம், மேலே நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு பலகாரம் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது அங்கிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். கையில் கொண்டுவர முடியாததையெல்லாம் இழந்தவர்கள், கைப்பக்குவத்தை இழக்கவில்லை. இன்று வியாசர்பாடிப் பையன் "அத்தோ நம்ம ஐட்டம்" என்கிறான். சரியாகத்தான் சொல்கிறான். எங்கள் பேச்சே அப்படித்தானே? நாஷ்டாவும் பேஜாரும் உருதுவிலிருந்து வந்தவை, துட்டு டச்சுக்காரர்களின் காசு. துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற ஜனங்கள் வந்தவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பண்பாடு என்று சொல்லிவிட்டதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். குட வரிசை நியாயமானதுதான். ஆனால் அந்த வரிசையில் நான் பார்த்ததெல்லாம் பெண்களும் பெண் பிள்ளைகளும்தான். லாரி தாமதமானால் பள்ளிக்கு லேட்டாகப் போகிறவள் தங்கை, அண்ணன் கிளம்பிவிடுவான். அதுவும் வழக்கம்தான். இந்த இடத்தில் தமிழ் இன்னொரு உதவி செய்கிறது. வழக்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மக்களிடம் புழங்குவதும் வழக்கு, முறையிட்டுச் சண்டை போடுவதும் வழக்கு. உயிரோடு இருக்கிற பண்பாட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைத்துக் கானா பாடலாமா, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே என்று எங்கள் தெருவில் ஒவ்வொரு சாவுக்கும் வாக்குவாதம் நடக்கிறது. எனக்கு அது நல்ல விஷயமாகத்தான் படுகிறது. அக்கறை இருப்பதால்தான் சண்டை வருகிறது.

கேரம் போர்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். தெருவோரம் ஒரு ஷெட், மேலே தாழத் தொங்கும் பல்பு, போரிக் பவுடர் வாசனை, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பத்துப் பேர். எல்லோரும் ஆண்கள். நான் சின்னப் பெண்ணாக எட்டிப் பார்த்தபோது "பொண்ணுக்கு இன்னா இங்க வேல?" என்று விரட்டிவிட்டார்கள். சண்டை போட எனக்குத் தெரியவில்லை, திரும்பிவிட்டேன். 2024இல் எங்கள் பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்றிலும். இப்போது அதே மாதிரி ஒரு ஷெட்டில் என் டியூஷன் பிள்ளைகள் இரண்டு பேர் ஆடுகிறார்கள், பாவாடை சட்டையோடு. சிவப்புக் காயான ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்த காயை ஃபாலோ போடத் தவறினால், "இன்னா பாப்பா, அவசரப்படற" என்று பெரியவர்கள் திருத்துகிறார்கள். விரட்டவில்லை, திருத்துகிறார்கள். உள்ளே சேர்த்துக்கொண்டதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

2003இல் யுனெஸ்கோ கொண்டுவந்த உடன்படிக்கை ஒன்று, கல்லாலும் உலோகத்தாலும் ஆகாத இந்த மாதிரி மரபுகளைக் காப்பது பற்றிப் பேசுகிறது. ஒரு சமூகமே தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி, காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது என்பது அதன் விளக்கம். 'சமூகமே' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பண்பாடு தனி ஆளிடம் இருக்க முடியாது. அது எவ்வளவு உண்மை என்று எனக்கு என் சித்தி மூலமாகத்தான் தெரிந்தது.

சித்தி குடும்பம் இருந்த குடிசைப் பகுதியைக் காலி செய்து, பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். எட்டு மாடி, லிஃப்ட், சொந்தமாகக் கழிப்பறை. அதெல்லாம் சின்ன விஷயமில்லை, சித்தி சந்தோஷமாகத்தான் போனார். ஆனால் வீடு குலுக்கலில் வந்தது. ஒரே தெருவில் இருந்தவர்கள் வேறு வேறு பிளாக்குக்கும் மாடிக்கும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் நகரத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள். போன புதிதில் ஒரு நாள் மோட்டார் கெட்டு லாரித் தண்ணீர் வந்திருக்கிறது. சித்தி வழக்கம்போலக் கீழே குடத்தை வைத்துவிட்டு மேலே வந்து சோறு வடித்திருக்கிறார். திரும்பிப் போனால் குடம் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. வரிசை எங்கேயோ போய்விட்டது. "கொடம் வெச்சிருந்தேனே" என்று சித்தி சொல்ல, "அதான் இங்க கெடக்குதே" என்று எடுத்துக் கொடுத்தாளாம் ஒரு பெண். அவளிடம் தப்பில்லை. சித்தியின் குடம் ஆளாக இருந்தது 25 கிலோமீட்டருக்கும் அப்பால், எங்கள் தெருவில். அன்று போனில் சித்தி அழுதார். தண்ணீர் கிடைக்காததற்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் ஆகிறது. இடையில் அந்த பிளாக்கில் இரண்டு சாவு விழுந்தது, ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. எல்லாவற்றுக்கும் சித்தி டீ தூக்கோடு முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது கீழே லாரி வரும் என்று பேச்சு. சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு போய், ஐந்தே நிமிஷத்தில் வெறுங்கையோடு மேலே வந்துவிட்டார்.

"இன்னா சித்தி, நிக்கலயா?" என்றேன்.

"கொடம் நிக்குது. நீ வா, சாப்டு" என்றார்.